ராபின் சிங்கின் ஒருநாள் கிரிக்கெட் வாழ்க்கை: எங்கள் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ஈரோடு மாவட்டத்தில், கீழ்பவானி வாய்க்காலை ஒட்டிய ஒரு பள்ளி மைதானத்தில் ஞாயிறுதோறும் காலையில் முப்பது பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்து வருகிறேன். களத்தடுப்புப் பயிற்சி தொடங்கிவிட்டால் என் வாயில் ராபின் சிங்கின் பெயர் வராமல் இருக்காது. அவர் கடைசியாக இந்தியாவுக்கு ஆடியபோது இந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடப் பிறந்திருக்கவில்லை. மும்பை இந்தியன்ஸ் அணியின் பயிற்சியாளர் குழுவில் இருந்தவர் என்ற அளவில்தான் சிலர் அவரை அறிந்திருக்கிறார்கள். அதனால் பிள்ளைகளும், மைதானத்து வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரும் அவரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்திருக்கிறேன்.

ராபின் சிங் யார்?

முழுப்பெயர் ரவீந்திர ராமநாராயண் சிங். 1963 செப்டம்பர் 14 அன்று மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாட்டின் பிரின்சஸ் டவுன் என்னும் ஊரில் பிறந்தார். இடது கை மட்டையாளர்; வலது கையால் மிதவேகப் பந்து வீசுவார். 1989 முதல் 2001 வரையிலான காலத்தில் இந்தியாவுக்காக 136 ஒருநாள் போட்டிகளிலும் ஒரே ஒரு டெஸ்ட் போட்டியிலும் ஆடினார். உள்நாட்டில் தமிழ்நாட்டு அணியின் நெடுநாள் தூண்களில் ஒருவர்.

டிரினிடாட்டில் பிறந்தவர் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் ஆனது எப்படி?

டிரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்கள் கப்பலேற்றப்பட்டார்கள். இன்று அத்தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அவர்களுடைய வழித்தோன்றல்கள். ராபின் சிங்கின் குடும்பமும் இந்திய வம்சாவளிக் குடும்பமே. அங்கே இளைஞர் அணிகளில் ஆடி வந்த அவர், 1980களின் நடுவில் படிப்பதற்காகச் சென்னை வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். படிக்க வந்த ஊரில் கிளப் கிரிக்கெட் ஆடத் தொடங்கியவர், 1985-86 பருவத்திலிருந்து தமிழ்நாட்டு அணிக்கு ஆடினார்.

இலங்கை மலைத்தோட்டங்களுக்குப் போய், இரண்டு மூன்று தலைமுறை கழித்து நீலகிரிக்குத் திரும்பி வந்த குடும்பங்களை அறிந்த நம் பக்கத்தாருக்கு, இந்தத் திரும்பி வருதலைத் தனியே விளக்க வேண்டியதில்லை. வந்தவர் இந்தியக் குடியுரிமை பெற்றே இந்திய அணிக்கு ஆடினார் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். இருபது வயதை ஒட்டிய ஓர் இளைஞர் தெரியாத ஊருக்கு வந்து, தெரியாத மொழியின் நடுவே வாழ்ந்து, பிறந்த நாட்டின் குடியுரிமையையும் விட்டு இங்கேயே நிற்க முடிவெடுப்பது எளிய செயல் இல்லை.

1987-88இல் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அவர் அணியில் இருந்தாரா?

இருந்தார். எஸ். வாசுதேவன் தலைமையில், இறுதிப் போட்டியில் ரயில்வே அணியைச் சேப்பாக்கத்தில் வென்று தமிழ்நாடு கோப்பையைப் பெற்றது. அதற்கு முன் நம் மாநிலம் ரஞ்சிக் கோப்பையை வென்றது 1954-55இல்தான். முப்பத்து மூன்று ஆண்டுக் காத்திருப்பை முடித்து வைத்த அந்த அணியில் ராபின் சிங் முக்கியமான ஆல்ரவுண்டர்.

1989இல் இரண்டு ஒருநாள் போட்டிகள் ஆடினார். அடுத்தது 1996இல் என்கிறார்கள். இடையில் என்ன ஆனது?

என்னிடம் வரும் கேள்விகளில் நான் மிக விரும்புவது இதுதான்.

1989 மார்ச் 11 அன்று மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகப் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அவர் முதன்முதலாக இந்தியாவுக்கு ஆடினார். போர்ட் ஆஃப் ஸ்பெயின் டிரினிடாட்டின் தலைநகரம். படிக்கப் போன பிள்ளை, போன நாட்டின் அணியில் இடம்பெற்று, பிறந்த தீவின் மைதானத்திலேயே எதிரணியாக வந்து இறங்குகிறார். அன்றைய மேற்கிந்திய அணியோ உலகமே அஞ்சிய அணி. அந்தச் சுற்றுப்பயணத்தில் இரண்டு ஒருநாள் போட்டிகளோடு அவருடைய வாய்ப்பு முடிந்தது. அதன் பின்னர் ஏழு ஆண்டுகளுக்கு மேல் இந்திய அணியின் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அந்த ஏழு ஆண்டுகளும் அவருடைய இருபத்தைந்து முதல் முப்பத்து மூன்று வயது வரையிலானவை. ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரின் உடல் உச்சத்தில் இருக்கும் பருவம் அது. அந்தப் பருவம் முழுவதையும் அவர் ரஞ்சிப் போட்டிகளிலும் மண்டல அணிப் போட்டிகளிலும் கழித்தார். தொலைக்காட்சி ஒளிபரப்பு இல்லாத, காலியான இருக்கைகளுக்கு முன்னால் நான்கு நாள் நடக்கும் ஆட்டங்கள் அவை. அங்கே அவர் சும்மா காலம் தள்ளவில்லை. முதல்தரப் போட்டிகளில், அதாவது ரஞ்சி போன்ற பல நாள் ஆட்டங்களில், அவருடைய மொத்தக் கணக்கு 137 ஆட்டங்கள், 6,997 ஓட்டங்கள், சராசரி 46.03, சதங்கள் 22, விக்கெட்டுகள் 172. இந்த எண்களில் பெரும் பங்கு யாரும் கவனிக்காத நாட்களில் சேர்ந்தது.

1996இல் டைட்டன் கோப்பைப் போட்டிக்கு அவரைத் திரும்ப அழைத்தார்கள். தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பங்கேற்ற அந்தத் தொடரின் இறுதிப் போட்டியில், நவம்பர் 6 அன்று மும்பையில், இந்தியா தென்னாப்பிரிக்காவை 35 ஓட்டங்களில் வென்றது. அப்போது ராபின் சிங்குக்கு வயது முப்பத்து மூன்று. பலர் மட்டையை உறையில் போட்டுக் கட்டி வைக்கும் அந்த வயதில்தான் அவருடைய உண்மையான சர்வதேச வாழ்க்கை தொடங்குகிறது. மொத்தம் 136 ஒருநாள் போட்டிகளில் 134ஐ அதற்குப் பிறகான நான்கரை ஆண்டுகளில் ஆடினார். ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது போட்டிகள்.

மட்டை சராசரி 25.95, பந்துவீச்சு சராசரி 43.26. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

கைப்பேசியில் எண்களைத் தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் இப்படிக் கேட்ட பிள்ளைக்குப் பதினான்கு வயது. கேள்வி நியாயமானது, எண்களும் சரியானவை. 113 முறை மட்டை பிடித்து 2,336 ஓட்டங்கள், ஒரு சதம், ஒன்பது அரைச்சதங்கள், 69 விக்கெட்டுகள். அந்த ஒரே சதம் 1997இல் கொழும்பில் இலங்கைக்கு எதிராக வந்தது.

ஆனால் சராசரி என்பதை அவர் எந்த இடத்தில் ஆடினார் என்பதோடு சேர்த்தே படிக்க வேண்டும். பெரும்பாலும் ஆறாவது அல்லது ஏழாவது ஆளாக அவர் இறங்கினார். அந்த இடத்தில் இறங்குபவருக்கு இரண்டே நிலைமைகள்தான் கிடைக்கும். ஒன்று, இன்னும் ஐந்தாறு ஓவர்களே மிச்சம்; முதல் பந்திலிருந்தே அடித்தாக வேண்டும், ஆட்டமிழந்தாலும் பரவாயில்லை. மற்றது, மேல்வரிசை சரிந்து கிடக்கிறது. மறுமுனையில் பந்துவீச்சாளர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஓட்டம் சேர்க்க வேண்டும். நிதானமாக முப்பது பந்து பார்த்துவிட்டு ஆடலாம் என்ற வசதி தொடக்க ஆட்டக்காரருக்கு உண்டு, இவருக்கு இல்லை. இந்தியாவின் மிகப் பெரிய ஆல்ரவுண்டரான கபில் தேவின் ஒருநாள் சராசரியே 23.79தான். கபிலின் அடிக்கும் வேகமும் பந்துவீச்சும் வேறு தளத்தைச் சேர்ந்தவை, அவரோடு இவரைச் சமமாக வைக்க நான் சொல்லவில்லை. கீழ்வரிசையில் ஆடுபவரின் சராசரியை எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று, எண்ணிக்கைக்குள் வராத ஓட்டங்கள். மட்டையாளருக்குப் பக்கவாட்டில் பாயின்ட் என்னும் இடத்தில் நின்று ஓர் ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு ஓட்டங்களைத் தடுப்பவர், மட்டை பிடிக்கும்போது மற்றவர் ஒன்று ஓடும் இடத்தில் இரண்டு ஓடுபவர், மறுமுனையில் இருப்பவரையும் அதே வேகத்தில் ஓட வைப்பவர். அவர் ஆடிய காலத்தில் ஆட்டப் பதிவேட்டில் இவற்றுக்குத் தனிக் கட்டம் கிடையாது. அன்றைய இந்திய அணியில் களத்தடுப்புக்காகப் பேசப்பட்டவர்கள் ராபின் சிங், அஜய் ஜடேஜா என்று விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள்.

அவருடைய மிகச் சிறந்த ஆட்டம் எது?

என் மனத்தில் முதலில் வருவது 1998 ஜனவரி 18, டாக்கா.

வங்கதேசத்தில் நடந்த சுதந்திரக் கோப்பையின் மூன்றாவது இறுதி ஆட்டம்; இரு அணிகளும் ஆளுக்கு ஒன்று வென்றிருந்தன. சயீத் அன்வர் 140, இஜாஸ் அகமது 117 எடுக்க, பாகிஸ்தான் 48 ஓவர்களில் 314 ஓட்டங்களைக் குவித்தது. ஒருநாள் போட்டிகளில் அதுவரை எந்த அணியும் அவ்வளவு பெரிய இலக்கைத் துரத்தி வென்றதில்லை. சச்சின் அதிரடியாக 41 எடுத்துவிட்டு வெளியேறியதும், மூன்றாவது ஆளாக வழக்கமான மட்டையாளர் யாரையும் அனுப்பாமல், அணித்தலைவர் அசாருதீன் ராபின் சிங்கை அனுப்பினார்.

பொங்கல் முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் திருப்பூரில் மாமா வீட்டில் இருந்தேன். பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை. தையல் இயந்திரங்களின் ஓசை இல்லாமல் எங்கள் லைன் வீடுகள் அடங்கிக் கிடந்தன. பன்னிரண்டு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே வண்ணத் தொலைக்காட்சி, அது மாமாவினுடையது. ராபின் சிங் இறங்கியதும், “இவர எதுக்குங்க இப்பவே அனுப்பறாங்க?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். மாமா திரும்பாமலே, “பாருங்க, அவுரு நிப்பாருங்க” என்றார். நின்றார். கங்குலியோடு சேர்ந்து 179 ஓட்டங்கள் எடுத்தார். தம் கணக்கில் 82. அவர் ஓடிய ஓட்டங்களைப் பார்த்து, “ஓடீருங்க, ஓடீருங்க” என்று அறையே சேர்ந்து கத்தியது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. கங்குலி 124இல் வெளியேறினார். மங்கிப்போன வெளிச்சத்தில், இரண்டு பந்துகளில் மூன்று ஓட்டங்கள் தேவைப்பட்டபோது ஹிருஷிகேஷ் கனிட்கர் சக்லைன் முஷ்டாக்கின் பந்தை நான்குக்கு அனுப்பினார். 47.5 ஓவர்களில் 316. அன்றைக்கு அது உலக சாதனை.

மறுநாள் எல்லாரும் கனிட்கரின் நான்கையும் கங்குலியின் சதத்தையும் பேசினார்கள். மாமா மட்டும் 82ஐப் பேசினார். அதை ஆடத் தேவையான துணிவை விட, அதற்குத் தம்மை அனுப்புவார்கள் என்று தயாராக இருந்ததுதான் பெரிது என்பது பயிற்சியாளரான பிறகே எனக்குப் புரிந்தது.

பந்துவீச்சாளராக அவர் எப்படி?

வேகம் குறைவு, பெரிய சுழற்சியோ எகிறலோ கிடையாது. ஐம்பது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் பத்து ஓவர்களுக்கு மேல் வீச முடியாது என்பதால், நான்கு முதன்மைப் பந்துவீச்சாளர்கள் வீசியது போக மிச்சமிருக்கும் பத்து ஓவர்களை யாராவது வீசியாக வேண்டும். அந்தப் பங்கைச் சமாளிப்பதே அவருடைய வேலை. விக்கெட் விழாவிட்டாலும் ஓட்டம் ஓடிவிடக் கூடாது என்று ஸ்டம்பை நோக்கி வீசுவார். இப்படிப்பட்டவரிடம் ஐந்து விக்கெட்டுகளை எதிர்பார்ப்பதில்லை. ஆனாலும் இரண்டு முறை எடுத்தார், இரண்டும் இலங்கைக்கு எதிராக. 1997 டிசம்பரில் குவாஹாட்டியில் 22 ஓட்டங்களுக்கு 5. 1999 உலகக் கோப்பையில் டான்டனில் 31 ஓட்டங்களுக்கு 5. டான்டன் ஆட்டம் கங்குலியின் 183, டிராவிட்டின் 145 ஆகியவற்றால் நினைவில் நிற்கிறது. ஐந்து விக்கெட் எடுத்தவரைப் பலருக்கு நினைவில்லை.

1999 உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேயிடம் தோற்றதற்கு அவரைக் காரணம் சொல்கிறார்களே?

லெஸ்டரில் மே 19 அன்று நடந்தது. தந்தையின் மறைவால் சச்சின் ஊர் திரும்பியிருந்தார். ஜிம்பாப்வேயின் 252ஐத் துரத்திய இந்தியா வெற்றியின் வாசலில் நின்றது. ராபின் சிங் 35 எடுத்து ஆடிக்கொண்டிருந்தார், தேவை பத்துக்கும் குறைவான ஓட்டங்கள், கையில் மூன்று விக்கெட்டுகள். ஹென்றி ஒலோங்கா ஒரே ஓவரில் மூன்றையும் எடுத்துவிட்டார். அதில் முதலாவது ராபின் சிங்குடையது. மூன்று ஓட்டங்களில் தோல்வி.

நின்று முடித்திருக்க வேண்டியவர் அவர்தான், அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தை அந்த இடம் வரை இழுத்து வந்தவர்களில் ஒருவரும் அவரே. அதே உலகக் கோப்பையில் ஜூன் 4 அன்று ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் 282ஐத் துரத்தியபோது 17 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகள் போயின. ஜடேஜாவும் ராபின் சிங்கும் சேர்ந்து 141 ஓட்டங்கள் எடுத்தார்கள். ஜடேஜா ஆட்டமிழக்காமல் 100, ராபின் சிங் 75. இந்தியா 77 ஓட்டங்களில் தோற்றது. முதல் நான்கு பேரும் போன பின் மெக்ராத்தை எதிர்த்து எடுத்த அந்த 75ஐ லெஸ்டரின் 35க்குப் பக்கத்தில் வைத்துத்தான் அவருடைய உலகக் கோப்பையை மதிப்பிட வேண்டும்.

ஏன் ஒரே ஒரு டெஸ்ட்?

1998 அக்டோபரில் ஹராரேயில் ஜிம்பாப்வேக்கு எதிராக ஆடினார். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 27 ஓட்டங்கள். இந்தியா 61 ஓட்டங்களில் தோற்றது. மறுபடி வாய்ப்பு வரவில்லை. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. இந்திய நடுவரிசையில் டிராவிட், சச்சின், கங்குலி, அசாருதீன் என்று இடமில்லாத நெரிசல். ஒருநாள் ஆட்டக்காரர் என்ற முத்திரையும் அவர் மேல் விழுந்துவிட்டது. முதல்தரப் போட்டிகளில் 46 சராசரி வைத்திருந்தவருக்கு இருபத்தேழு இருபத்தெட்டு வயதில் இரண்டு மூன்று டெஸ்டுகள் கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்பது என் கருத்து.

இன்னொரு ராபின் சிங்கும் இந்தியாவுக்கு ஆடியிருக்கிறாரா?

ஆம். டெல்லியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் அதே பெயரில் 1999இல் ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடினார். இருவருக்கும் ஒரே ஒரு டெஸ்ட் என்பதால் குழப்பம் வருகிறது. கால்பந்திலும் ஒரு ராபின் சிங் உண்டு.

அவருடைய களத்தடுப்பை எங்கள் செம்மண் மைதானத்தில் பழக முடியுமா?

முடியும், ஆனால் பாய்ந்து விழுவதிலிருந்து தொடங்கக் கூடாது. நம் பக்கத்து மைதானங்களில் பெரும்பாலும் நடுவில் மேட்டிங் விரித்த ஆடுகளம், சுற்றிலும் சுக்கான் கல் கலந்த செம்மண். அதில் பாய்ந்தால் முழங்கையின் தோல் அங்கேயே தங்கிவிடும். போன சித்திரையில் ஒரு பிள்ளை அப்படிப் பாய்ந்து எழுந்தபோது, கையெல்லாம் மண், முழங்கையில் பொடிப்பொடியாகக் கல் ஏறியிருந்தது. வாளித் தண்ணீரில் கழுவி ஒவ்வொன்றாக எடுக்கும்போது அவன் அழவில்லை. பந்து நின்றதா என்று மட்டும் கேட்டான். நின்றிருந்தது. அன்றிலிருந்து பக்கத்துத் தோட்டத்தில் வைக்கோல் கேட்டு வாங்கி, பரப்பி, மேலே பழைய தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் மேல்தான் பாயப் பழக்குகிறோம்.

அதற்கு முன்னால் எறி. ஒற்றை ஸ்டம்ப்பை நட்டு, இருபது தப்படி தள்ளிப் பிள்ளைகளை நிறுத்துகிறோம். ஆளுக்கு இருபது எறி. பட்டதை நோட்டில் எழுதுகிறோம். தொடங்கும்போது இருபதில் இரண்டு பட்டால் அதிகம். பந்தை எடுக்கக் குனிபவர்கள் நிமிர்ந்து, கால் மாற்றி, பிறகு எறிகிறார்கள். அந்த ஒரு நொடியில் ஓடுபவர் கோட்டைத் தாண்டிவிடுவார். பந்தை நோக்கிப் பக்கவாட்டில் வந்து, எறியும் கைப் பக்கத்துக் காலுக்கு அருகில் எடுத்து, எடுத்த தாழ்ந்த நிலையிலேயே கையை வீச வேண்டும். பத்துத் தப்படிக்குள் என்றால் கீழ்க்கை எறியே போதும். ராபின் சிங் ரன் அவுட் செய்த பழைய காணொளிகளை மெதுவாக ஓட விட்டால், பந்து அவர் கையில் தங்கும் நேரம் எவ்வளவு குறைவு என்று தெரியும். பாய்ச்சல் கண்ணில் படுகிறது; ஆட்டமிழக்கச் செய்வது அதற்கு அடுத்த அரை நொடிதான்.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

2001 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கடைசி ஒருநாள் போட்டி ஆடினார், வயது முப்பத்தேழு. அதன்பின் முழுநேரப் பயிற்சியாளர். ஹாங்காங் அணியை 2004 ஆசியக் கோப்பைக்கு அழைத்துச் சென்றார். 2007 முதல் 2009 வரை இந்திய அணியின் களத்தடுப்புப் பயிற்சியாளர். 2007 இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது உடன் இருந்தார். அந்தத் தொடரில் பாகிஸ்தானுடனான ஆட்டம் சமனாகி, ஆளில்லாத ஸ்டம்ப்பை நோக்கிப் பந்தெறிந்து வெற்றியைத் தீர்மானித்தார்களே, இந்தியாவின் மூன்று எறிகளும் ஸ்டம்ப்பில் பட்டனவே, அது நடந்த நாள் செப்டம்பர் 14, அவருடைய பிறந்தநாள்.

ஐபிஎல்லின் முதல் ஆண்டில் டெக்கான் சார்ஜர்ஸின் பயிற்சியாளராக இருந்தார். அந்த அணி கடைசி இடத்தில் முடிந்தது. 2010இலிருந்து மும்பை இந்தியன்ஸ். அவருடைய பயிற்சியில் அந்த அணி 2011 சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. 2014இல் பார்படாஸ் அணியோடு கரீபியன் லீக் பட்டமும் பெற்றார். 2020இல் ஐக்கிய அரபு அமீரகக் கிரிக்கெட்டின் இயக்குநரானார்.

நம் நடராஜனோடு அவரை ஒப்பிடலாமா?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜனை இங்கே அறியாதவர் இல்லை. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்து, 2020 டிசம்பர் 2 அன்று கான்பராவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் ஒருநாள் போட்டி ஆடினார். ஒரே சுற்றுப்பயணத்தில் இருபது ஓவர் போட்டியிலும் பிரிஸ்பேன் டெஸ்டிலும் இறங்கினார். 2021 மார்ச் 28 அன்று புனேயில், இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 தேவைப்பட, 95 ஓட்டங்களோடு நின்ற சாம் கரனை அடக்கி இந்தியாவை 7 ஓட்டங்களில் வெல்ல வைத்தார். அது அவருடைய இரண்டாவது ஒருநாள் போட்டி.

பந்துவீச்சாளரையும் ஆல்ரவுண்டரையும் ஆட்டத்தால் ஒப்பிட இயலாது. ஆனால் இரண்டு ஒருநாள் போட்டிகளோடு வாசல் சாத்தப்பட்ட நிலையில் ராபின் சிங்கும் 1989இல் நின்றிருந்தார் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. நடராஜன் தம் ஊரிலேயே அமைத்த மைதானம் 2023இல் திறக்கப்பட்டது. அவர் எத்தனை போட்டி ஆடினார் என்ற கணக்குக்கு அப்பாற்பட்ட சேவை அது.

“பையனுக்குப் பத்தொம்பது ஆயிப்போச்சுங்க. இன்னும் மாவட்ட அணியத் தாண்டல. இனி இதுல என்னங்க இருக்குது?”

ஓர் அம்மா கேட்டதை அவர் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். அவரிடம் சொன்ன பதிலையும் அப்படியே தருகிறேன்.

பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணி என்ற வாசல் போனது போனதுதான், அதை மறைத்துப் பயனில்லை. அதன் பிறகு மாவட்ட லீக்கில் சீராக ஆட வேண்டும். சென்னையின் டிவிஷன் அணிகளில் ஒன்றில் இடம் கிடைக்க வேண்டும். அங்கிருந்துதான் தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் மாநில அணியும் கண்ணுக்குத் தெரியும். ராபின் சிங் முப்பத்து மூன்று வயதில் திரும்பி வந்தார் என்பது உண்மை. ஆனால் அந்த வயது வரை ஒவ்வொரு பருவமும் முதல்தரப் போட்டி ஆடிக்கொண்டே இருந்தார் என்பதும், கையில் முதுகலைப் பட்டம் வைத்திருந்தார் என்பதும் அதே அளவு உண்மை. எனவே உங்கள் பையன் படிப்பை விட வேண்டாம். வேலைக்குப் போனாலும் ஞாயிறு லீக்கை விட வேண்டாம். இரண்டு ஆண்டு அப்படி ஆடட்டும். நோட்டில் கணக்கு எழுதுவோம். பிறகு நீங்களும் நானும் அவனும் உட்கார்ந்து பேசுவோம். அந்த அம்மா சரியென்றார். பையன் இப்போது பெருந்துறையில் ஒரு கம்பெனியில் பகல் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு எனக்கு முன்னால் வந்து மேட்டிங் விரிக்கிறான்.

அவருடைய ஆட்டத்தை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைக்கு எதைக் காட்டலாம்?

டாக்காவைக் காட்டத்தான் எனக்கு ஆசை. ஆனால் ஓவல் ஆட்டத்தை முதலில் காட்டுங்கள். நான்கு விக்கெட் போன பின்பு தொடங்கிப் பாருங்கள். பந்து மட்டையில் படும்போது மட்டையாளரைப் பார்க்காமல் மறுமுனையில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜடேஜா அடிக்கும்போது ராபின் சிங் எத்தனை அடி முன்னால் வந்து நிற்கிறார், திரும்பும்போது மட்டையை எந்தக் கைக்கு மாற்றுகிறார், கோட்டைத் தொட்டதும் அடுத்த ஓட்டத்துக்காக முதலில் எங்கே பார்க்கிறார் என்று எண்ணச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையை மறுமுனையில் நிறுத்திப் பாருங்கள்.